தகரக் காய்ச்சல்

பழைய இரும்பை நெருப்பால் வெட்டிப் பிரிக்கிற அந்தப் பட்டறையில் எந்த இயந்திரம் வந்து இறங்கினாலும் அதை முதலில் தொடுவது கட்டர்காரர் இல்லை, அவர் பெண்டாட்டிதான். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றின் நுனியில், பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம். அதை இரும்பின் மேல் உலவவிட்டால் 'டக்'கென்று ஒட்டும். பித்தளை, செம்பு, ஈயம் என்றால் வழுக்கிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. நல்ல பித்தளை மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். ஈயம் வாயே திறக்காது. ஒரே வார்ப்பில் பிறந்த இரண்டு துண்டுகளை ஆயிரம் துண்டுக்கு நடுவே போட்டுக் கலைத்தாலும், தட்டித் தட்டிக் கேட்டே ஜோடி சேர்த்துவிடுவாள். அதனால் அந்தத் தெருவே அவளைக் 'காந்தம்' என்றுதான் கூப்பிட்டது.

"பெத்தவங்க வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டா. இரும்பைக் கீழ போடு, ஓடி வருவா" என்பாள் அண்ணி. அண்ணி என்றால் கட்டர்காரரின் அக்கா. பட்டறைக்குப் பின்னாலேயே ஒட்டிக் கட்டிய இரண்டு அறை வீட்டில் அடுப்பும் அதிகாரமும் அவள் கையில்.

கலங்கரை விளக்கத்தின் இயந்திரம் அங்கே வந்து சேர்ந்தபோது பத்து நாளாக மழை. லாரியிலிருந்து இறக்குவதற்கே அரை நாள் ஆயிற்று. கப்பல்களுக்கு வழிகாட்ட உச்சியில் சுற்றுகிற விளக்கு என்றால் பல்புதான் சுற்றுகிறது என்று நினைப்போம். பல்பு சும்மா நிற்கும். அதைச் சுற்றி இரண்டாள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. பட்டை பட்டையாகச் சாய்த்து அடுக்கிய கண்ணாடிகள், எங்கெங்கோ சிதறிப்போகிற வெளிச்சத்தைப் பிடித்து ஒரே கோடாக்கிக் கடலுக்கு அனுப்பும். சுற்றுவது அந்தக் கூண்டுதான். மூன்று டன் கனம். அதைச் சக்கரத்தின் மேல் வைத்தால் தேயும், கத்தும், திக்கும். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். கூண்டை மிதக்கவிட்டார்கள்.

தண்ணீரில் மரம் மிதக்கிற மாதிரி பாதரசத்தில் இரும்பு மிதக்கும். ஓர் ஆள் உயர அகலத்தில் வட்டமாக ஒரு வார்ப்பிரும்புத் தொட்டி. அதற்குள் அதே வட்டத்தில், கொஞ்சம் சிறியதாக இன்னொரு வளையம். வளையத்தின் மேல் கூண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே விரல் மொத்தத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியை மட்டும் பாதரசத்தால் நிரப்பினால் போதும். மூன்று டன்னைத் தூக்க மூன்று டன் பாதரசம் வேண்டியதில்லை. எவ்வளவு ஊற்றினோம் என்பதில்லை கணக்கு, எவ்வளவு ஆழத்துக்கு அது ஏறி நிற்கிறது என்பதுதான். அப்படி மிதக்கிற கூண்டைச் சின்னக் குழந்தை ஒரு விரலால் தள்ளினால் போதும், சுற்றும். விரலுக்குப் பதில் ஒரு கடிகாரம் வைத்தார்கள். கோபுரத்தின் நடுக்குழியில் கிணற்று வாளி மாதிரி ஓர் எடைக்கல் மெல்ல இறங்கும். அது இறங்க இறங்கப் பல்சக்கரங்கள் கூண்டைத் தள்ளும். நூறு வருஷம் அப்படிச் சுற்றியது.

இப்போது அந்த உச்சியில் ஒரு குடத்தளவு பிளாஸ்டிக் விளக்கு இருக்கிறது. பழைய கூண்டை வைத்துக் காப்பாற்றச் சொல்லி அருங்காட்சியகத்தில் கேட்டார்களாம். வந்து அளந்து பார்த்துவிட்டு, "எங்க வாசல்ல நுழையாது" என்று போய்விட்டார்களாம். கடைசியில் கண்ணாடியும் தொட்டியும் குதிரைக்காரருக்கு, மிச்ச இரும்பு பட்டறைக்கு என்று பேச்சாயிற்று.

குதிரைக்காரர் சிற்பி. தையல் இயந்திரங்களையும் சைக்கிள் சங்கிலிகளையும் பற்றவைத்து அவர் செய்த இரும்புக் குதிரை ஒன்று சந்தை முனையில் நிற்கிறது. "முன்னங்கால் ரெண்டும் தையல் மிஷினு, நடந்தா தச்சுக்கிட்டே போகும்" என்று கட்டர்காரர் கேலி செய்வார். சிற்பி கோபித்துக்கொள்ளவே மாட்டார். இப்போது ஒரு பெரிய ஓட்டலின் முகப்புக்குக் கடற்பறவை செய்கிறார். கண்ணாடிகள் இறகு. வட்டத் தொட்டியை நான்காக வெட்டினால் நான்கு பிறை. அவை சிறகின் எலும்பு.

"வெட்டுற இடத்துல விரிசல் மட்டும் விழக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வார்ப்பிரும்பு சாதாரண இரும்பு மாதிரி வெட்டுப்படாது. மற்ற இரும்பில் நெருப்பைக் காட்டி, ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். வார்ப்பிரும்பை உருக்கி உருக்கித்தான் பிரிக்கவேண்டும். நேரம் பிடிக்கும், சூடு கேட்கும். சூடான வார்ப்பின் மேல் ஒரு மழைத்துளி விழுந்தால் 'பட்'டென்று பிளந்துவிடும். அதனால் கட்டர்காரர் தொட்டியைக் கொட்டகைக்குள் உருட்டிக்கொண்டு போய், தகடுக் கதவை மேலிருந்து கீழ்வரை இறக்கிவிட்டார்.

அதற்கு முன்னால் காந்தம் தன் வேலையைச் செய்தாள். தொட்டியின் அடியில் நெடுக ஒரு கறுப்புச் சேறு காய்ந்தும் காயாமலும் ஒட்டியிருந்தது. விரலால் ஒரு வழி வழித்துப் பார்த்தாள்.

"என்னங்க, இந்த கிரீஸு ஈயம் மாதிரி கனக்குது."

"நூறு வருஷத்து கிரீஸு. இரும்புத் தூள் ஊறிக் கிடக்கும்."

காந்தத்தை அதன் மேல் வைத்தாள். ஒட்டவில்லை. ஒரு பொடிகூட எழுந்து வரவில்லை.

"இரும்பு இல்லீங்களே."

"அப்ப பித்தளைத் தூள். பாதரசத்தையெல்லாம் வடிச்சு இரும்புக் குப்பியில அடைச்சு எடுத்துட்டுப் போயாச்சுன்னு விளக்கைக் கழட்டின காண்டிராக்டர் எழுதியே குடுத்திருக்கான். காலித் தொட்டி. நெருப்புப் பட்டா கிரீஸு தானா எரிஞ்சிரும், நீ சுரண்டிக்கிட்டு நிக்காத."

"டீ ஆறுது!" என்று உள்ளேயிருந்து அண்ணி கத்தினாள். காந்தம் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்று காலையில் கட்டர்காரர் பழைய தகரக் கூரை ஒன்றையும் வெட்டியிருந்தார். மத்தியானம் முழுக்கத் தொட்டி. சாயங்காலம் முதல் பிறை கழன்றதும் குதிரைக்காரர் வண்டியோடு வந்துவிட்டார். பொறுமை இல்லாத மனிதர். சூடு முழுதாக ஆறுவதற்குள் சாக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டு போனார். இன்றைக்கே உலையில் வைத்து வளைவைக் கொஞ்சம் திறந்து பார்க்கப் போகிறாராம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கட்டர்காரருக்குக் குளிர் ஆரம்பித்தது.

வீட்டில் யாரும் பதறவில்லை. அது அவர்களுக்குப் பழகிய விருந்தாளி. தகரம் என்பது இரும்புத் தகடுதான். துருப்பிடிக்காமல் இருக்க மேலே துத்தநாகம் பூசியிருப்பார்கள். நெருப்புப் பட்டால் அந்தப் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவனுக்குச் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும், எலும்பெல்லாம் முறுக்கும், வாயில் இனிப்பும் கசப்புமாக ஓர் உலோக ருசி நிற்கும். பாலைக் குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தால் விடியும்போது ஒன்றும் இருக்காது. தகரக் காய்ச்சல் என்பார்கள். அதற்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. மறுநாளே திரும்பப் போய்த் தகரம் வெட்டினால் காய்ச்சல் வராது. உடம்பு பழகிவிடும். ஒருநாள் விட்டுப் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான் விடுமுறை முடிந்து வருகிற திங்கட்கிழமைகளில் வெட்டுகிற ஆட்கள் எல்லோரும் குளிர்ந்து நடுங்குவார்கள், செவ்வாய்க்கிழமை எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இதை அவர்களுக்கு எந்த வைத்தியரும் சொல்லித்தரவில்லை. பட்டு அறிந்தது.

"டேய் தம்பி, பால் குடிக்கறதுக்குன்னே தகரம் வெட்டுறியாடா?" என்று அண்ணி டம்ளரை நீட்டினாள். "சின்ன வயசுல இவன் இப்படித்தான், காந்தம். பாலுக்குப் பொய்க் காய்ச்சல்."

"பொய்யா? வந்து நெத்தியைத் தொட்டுப் பாருக்கா, ரொட்டி சுடலாம்."

அவர் சிரித்தார். சிரிப்பின் நடுவே இருமினார். தகரக் காய்ச்சலில் இருமல் இருக்கும்தான், ஆனால் இந்த இருமல் கொஞ்சம் வறண்டு, அடியிலிருந்து வந்தது. காந்தம் அதைக் கேட்டாள். கேட்டும், கேட்காத மாதிரி போர்வையை இழுத்துவிட்டாள்.

காலையில் காய்ச்சல் பாதிதான் இறங்கியிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்து நனைத்து வைத்துக்கொண்டிருந்தார். தின்னவில்லை.

"இன்னும் வாயில காசைப் போட்டு வச்ச மாதிரி இருக்கு."

"நேத்து வெட்டினது கொஞ்சமா? கூரை முழுசும் வெட்டினீங்க. அதான்."

அப்போது தொலைபேசி அடித்தது. குதிரைக்காரர்.

"காந்தம்மா, உங்க வீட்டுக்காரர் எப்பவோ ஒரு காய்ச்சலைப் பத்திச் சொன்னாரே, பால் குடிச்சா போயிடும்னு. அது எனக்கு வந்திருச்சு போலிருக்கு. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி. வாயெல்லாம் ஒரு மாதிரி ருசி."

காந்தம் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு அண்ணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "சாருக்கும் தகரக் காய்ச்சலாம்!"

"சிலை செய்யிறவருக்கும் வந்திருச்சா? அப்ப சங்கத்துல சேர்த்துக்க வேண்டியதுதான்" என்றாள் அண்ணி.

"சார், தகரம் ஏதாவது சுட்டீங்களா?"

"இல்லியேம்மா. உங்க பிறையைத்தான் உலையில வச்சு ஊதினேன்."

"எங்க கொட்டகைத் தூசி அதுல ஒட்டியிருக்கும் சார். பயப்படாதீங்க. பால் குடிங்க. படுத்துட்டு மட்டும் இருக்காதீங்க. இன்னிக்கே மறுபடி உலையை மூட்டிருங்க. விட்டா திரும்ப வரும், தொடர்ந்து செஞ்சா ஓடிப்போயிடும்."

"அப்படியா? உங்களுக்கு ரொம்ப நன்றிம்மா."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டர்காரர் இன்னும் அதே ரொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஒருநாள் படுக்கட்டுமா?" என்றார். அப்படிக் கேட்கிற ஆள் இல்லை அவர்.

"படுத்தா நாளைக்கு மறுபடி முதல்லேர்ந்து வரும். உங்களுக்குத் தெரியாதா? அவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். எந்திரிங்க. வேலையில நின்னா வேர்த்து இறங்கிடும்."

அவர் எழுந்தார். வாசலில் நின்று ஒருமுறை மழையைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போய்க் கதவை இறக்கிக்கொண்டார். சிறிது நேரத்தில் நெருப்பின் சீறல் கேட்டது. காந்தத்துக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நேற்றைய சட்டையை அவள் துவைக்க எடுத்தபோது மணி பதினொன்று இருக்கும். முழங்கைவரை அந்தக் கறுப்புக் கிரீஸ். சோப்பைத் தேய்த்து, கல்லில் கசக்கி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுத்தாள். அண்ணி அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டே, சந்தை முனைக் குதிரையின் காதில் குருவி கூடு கட்டியிருக்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காந்தம் சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

மோதிரத்தைக் காணோம்.

இல்லை, இருந்தது. விரலில்தான் இருந்தது. ஆனால் அது அவள் மோதிரம் இல்லை. பன்னிரண்டு வருஷமாக மஞ்சளாக இருந்த மோதிரம் வெள்ளி மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணி."

"ம்."

"என் மோதிரம் தங்கம்தானே?"

"என்னடி கேள்வி இது? நான்தானே கூட வந்து வாங்கினேன்."

சாம்பல் போட்டுத் தேய்த்தாள். சேலையில் தேய்த்தாள். போகவில்லை. மேலே ஒட்டிய அழுக்கு இல்லை அது. தங்கத்தின் தோலே மாறியிருந்தது. அலுமினியம் இப்படி ஒட்டாது. ஈயம் ஒட்டாது. தான் அறிந்த உலோகங்களை எல்லாம் வரிசையாக நிறுத்திக் கேட்டுப் பார்த்தாள், ஒன்றும் 'நான்தான்' என்று சொல்லவில்லை. ஏன் என்று தெரியாமலே பயம் வந்துவிட்டது அவளுக்கு. காரணம் தெரிந்த பயமாவது ஓரிடத்தில் நிற்கும்.

தெருக்கோடியில் நகை வேலைக்காரர் ஒருவர் உண்டு. கன்னத்தை உப்பிக்கொண்டு நாள் பூராவும் குழல் ஊதுவதால் அவருக்கு 'ஊதுகுழல்' என்று பெயர். காந்தம் மழையில் நனைந்துகொண்டே போய் அவர் பலகை முன்னால் கையை நீட்டினாள்.

"வா காந்தம். என்ன, மோதிரத்துக்கு வெள்ளி முலாம் போட்டுட்டியா? எல்லாரும் வெள்ளிக்குத் தங்க முலாம் போடுவாங்க, நீ..."

பேச்சை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். தொடவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார்.

"கழட்டி இதுல போடு. கையை மூக்குகிட்டக் கொண்டு போகாத."

"என்னண்ணே இது?"

"பாதரசம். தங்கத்தைக் கண்டா அது விடாதும்மா, உள்ள பூந்துடும். அந்தக் காலத்துல முலாம் பூசினதே இப்படித்தான். தங்கத்தைப் பாதரசத்துல கரைச்சுப் பாத்திரத்துல தடவி, நெருப்புல காட்டுவாங்க. வெள்ளை போயிடும், மஞ்சள் நிக்கும்."

"அப்ப இதையும் நெருப்புல காட்டினா சரியாயிடுமா?"

"மோதிரம் சரியாயிடும்." ஊதுகுழல் காகிதத்தை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தார். "வெள்ளை போயிடும்னேனே, எங்க போகும்? காத்துல போகும். கண்ணுக்குத் தெரியாது, நாத்தம் கிடையாது. ஊதுறவன் நெஞ்சுக்குள்ள போகும். என் அப்பா அதுலதான் போனார். நாப்பது வயசு. முதல்ல குளிர்காய்ச்சல்னுதான் படுத்தார்... ஏம்மா, என்ன?"

காந்தம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. காந்தத்தில் ஒட்டாத கறுப்புச் சேறு. ஈயம் மாதிரி கனம். வாயில் காசு. இறங்காத காய்ச்சல். எல்லாம் அவள் கையைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போயிருந்தன. அவள்தான் 'தகரம்' என்று பதில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"வீட்ல யாராவது நெருப்புகிட்ட இருக்காங்களா?" என்றார் ஊதுகுழல்.

அவள் ஓடினாள்.

கொட்டகைக் கதவு இறங்கியே இருந்தது. உள்ளே நெருப்பு சீறிக்கொண்டிருந்தது. சீறல் கேட்கிறதே, ஆள் வேலை செய்கிறார் என்று ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணமே அவள் காது அதைப் பிரித்துவிட்டது. வெட்டுகிற நெருப்பின் சத்தம் ஏறும், இறங்கும். இரும்பில் பட்டால் ஒரு குரல், விலகினால் ஒரு குரல். இது ஒரே குரலில் சீறிக்கொண்டிருந்தது. யார் கையிலும் இல்லாத நெருப்பு.

"என்னங்க!"

தகட்டைக் கையால் அடித்தாள்.

"அண்ணி! ஓடி வாங்க அண்ணி!"

இருவருமாகக் கதவை இடுப்புவரை தூக்கினார்கள். கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. புகைகூட அதிகம் இல்லை. வெறும் காற்று. அந்த வெறும் காற்றைப் பார்த்துத்தான் காந்தம் வாசலிலேயே நின்றாள். புகை என்றால் எங்கே இருக்கிறது என்று தெரியும். இது எங்கேயும் இருக்கிறது.

"நீங்க உள்ள வராதீங்க. கதவை மட்டும் பிடிங்க. மூச்சை உள்ள விடாதீங்க."

"என்னடி சொல்ற? தம்பி எங்க?"

காந்தம் வெளியே மழையில் நின்று நெஞ்சு கொண்டமட்டும் மூச்சை இழுத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு கதவுக்கு அடியில் புகுந்தாள்.

தொட்டியின் மூன்றாவது வெட்டுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். விழவில்லை, உட்கார்ந்துதான் இருந்தார். இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. நெருப்புக் குழல் தரையில் கிடந்து தொட்டியின் உள்பக்கத்தையே சுட்டுக்கொண்டிருந்தது. கறுப்புச் சேறு அங்கே மினுமினுவென்று கொதித்தது. இவரை இழுப்பதா, அதை அணைப்பதா? அணைக்காவிட்டால் அது இன்னும் கிளப்பிக்கொண்டே இருக்கும். அவள் குழலை எடுத்தாள். முதலில் எரிவாயு வருகிற சிவப்புக் குழாயின் திருகு. பிறகு ஆக்சிஜன். அவசரத்தில் இரண்டாவது திருகு எந்தப் பக்கம் மூடும் என்பது மறந்துபோயிற்று. ஆயிரம் தடவை மூடிய திருகு. நெஞ்சு எரிய ஆரம்பித்தது. சீறல் நின்றபோது கண்ணுக்குள் புள்ளிப் புள்ளியாகப் பறந்தது. அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினாள். விட்டுவிட்டு ஓடியதை அவர் கண் பார்த்தது.

மழையில் ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தாள். பெரிய உடம்பு. செருப்பு தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. கதவருகில் அண்ணி, காந்தம் சொன்னதைக் கேட்காமல், உள்ளே கையை நீட்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்து, பிள்ளைப்பேறு பார்க்கிற மாதிரி இழுத்தாள். மூவரும் சேற்றில் விழுந்தார்கள். கட்டர்காரர் வாயைப் பிளந்து மழையைக் குடித்தார்.

"பால்..." என்றார்.

"அப்பப்பா, பாலைக் கேக்குறான்" என்று சொல்லி அண்ணி ஓவென்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் மூடி போட்டுப் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "என்ன வேலை செய்யிறீங்க?" என்று கேட்டதும் கட்டர்காரர் மூடியை விலக்கி, இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னார்:

"தகரம்... வெட்டினேன். தகரக் காய்ச்சல். நாளைக்கு... போயிடும்."

டாக்டரம்மா தலையாட்டினார். "வெல்டருங்களுக்கு வரும். பார்த்திருக்கேன். ரெண்டு நாள்ல இறங்கிடும்."

அந்தத் தலையாட்டல்தான் காந்தத்தை இன்னும் பயமுறுத்தியது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து எல்லோரும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் ஆட்டியது அவள்.

"இல்லீங்கம்மா" என்றாள். ரவிக்கைக்குள்ளிருந்து காகித மடிப்பை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தாள். "இது தங்க மோதிரம். அவர் சட்டையைத் துவைச்சேன். இப்படி ஆயிடுச்சு."

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். பேனா முனையால் மோதிரத்தைப் புரட்டினார். பிறகு பேசியதெல்லாம் ஓடிக்கொண்டேதான். இவரை உள்ளே தள்ளுங்க. சட்டையை வெட்டி எடுங்க, பையில போட்டுக் கட்டுங்க. உங்க சேலையையும் மாத்துங்க, அவங்களுதையும். அந்த வீட்டுக்கு யாரும் போகாதீங்க.

"பிழைச்சுக்குவாரா?"

"முதல் மூணு நாள் நெஞ்சு தாங்கணும். தாங்கினா பேசலாம்." கதவருகில் போனவர் திரும்பினார். "வேற யாராவது அந்தப் புகையில இருந்தாங்களா?"

"நாங்கதான். நானும் அண்ணியும். ஆனா நாங்க மூச்சை..."

காலையில் தொலைபேசியில் தான் சொன்னது ஞாபகம் வந்தது.

*இன்னிக்கே மறுபடி உலையை மூட்டிருங்க. விட்டா திரும்ப வரும்.*

"அண்ணி, போன். போன் எங்க?"

"என்னடி?"

"சாருக்கு நான் சொன்னேனே அண்ணி. நான்தானே சொன்னேன்."

அண்ணிக்குப் புரிந்துபோயிற்று. முந்தானையில் முடிந்து வைத்திருந்த தொலைபேசியை அவிழ்க்கத் தொடங்கினாள். காந்தம் பிடுங்கி அழுத்தினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் கூரையில் மழை இரைந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். மணி அடித்தது. அடித்தது. உலை ஊதுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்காது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். உள்ளே எங்கேயோ கட்டர்காரர் இருமினார். வறண்டு, அடியிலிருந்து.

ஏழாவது மணியில் எடுத்தார். பின்னால் ஊதுவிசிறியின் இரைச்சல்.

"காந்தம்மாவா? நீங்க சொன்ன மாதிரியேதான்... பால் குடிச்சேன். முடியலதான், ஆனா எந்திரிச்சு உலையைப் பத்த வச்சிட்டேன். பிறை இப்ப செக்கச்..."

"சார், மூச்சை விடாதீங்க."

"என்னம்மா?"

"பேசாதீங்க சார். ஒரு வார்த்தை பேசாதீங்க. பேசினா மூச்சு உள்ள போகும். வாயை மூடிக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, போனைக் காதுலேர்ந்து எடுக்காம அப்படியே வெளிய நடங்க. உலையை அணைக்க வேணாம். கதவைத் திறந்துட்டு மழையில போய் நில்லுங்க. அது தகரம் இல்ல சார். நான் தப்பாச் சொல்லிட்டேன். நடங்க."

அந்தப் பக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை, விசிறி இரைச்சலைத் தவிர. நம்பவில்லையோ? நம்பி, நடக்க முடியவில்லையோ? உலைக்கூடம் எத்தனை அடி நீளம் என்று அவளுக்குத் தெரியும். அங்கே போய்ப் பித்தளைத் துண்டுகளைத் தரம் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். நடுவில் குதிரையின் மிச்சக் கால்கள் கிடக்கும். தடுக்காமல் போகவேண்டும். ஏதோ உருண்டு விழுந்தது. பித்தளை. ஒரு செருப்பின் இழுவை. விசிறி கொஞ்சம் தூரமாயிற்று. தாழ்ப்பாள், துருப்பிடித்தது, ஒருமுறை, இரண்டுமுறை. திறக்கவில்லை. அண்ணி பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், தன்னையறியாமல்.

மூன்றாவது முறை தாழ்ப்பாள் விட்டது. தொலைபேசிக்குள் மழை பெய்தது. கூரையில் பெய்கிற மழை இல்லை, மண்ணிலும் இலையிலும் நேராக விழுகிற மழை.

"வந்துட்டீங்களா சார்?"

பதிலுக்கு அவர் இருமினார். அடக்கி வைத்திருந்த மூச்சு உடைந்து, நீளமாக, நிற்காமல் இருமினார். அதே நேரத்தில் உள்ளே, தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம், கட்டர்காரரும் இருமினார். காந்தம் ஒரு காதில் இதையும் ஒரு காதில் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். எத்தனையோ வருஷமாகத் தட்டித் தட்டிப் பழகிய காது அது. பொய் சொல்லாது. இரண்டும் ஒரே தொட்டியில் வெட்டிய துண்டுகள்.